தட்டில் விழுந்த மூச்சு

மார்ச் 4, 2041. காலை
உப்புத்தீவு ஆய்வு முகாம். எழுதுபவர் முப்பிடாதி, நுண்ணுயிரியலாளர். காற்று மிதம். ட்ரோனை டால்பின் கூட்டத்தின் மேல் நிறுத்தினேன். அவை மூச்சுவிடும்போது தெறித்த துளிகள் ட்ரோனின் அடியில் மாட்டிய தட்டுகளில் விழுந்தன. திரும்பி வந்ததை வழக்கம்போல் கையில் ஏந்திப் பிடித்தேன். கூடாது என்கிறது கையேடு. மணலில் இறக்கினால் மோட்டார் நாசம். கையேடு எழுதியவன் இங்கே ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும்.

மார்ச் 6. பகல்
கரையெங்கும் செத்த டால்பின்கள். தட்டுகளில் இருப்பது புது வைரஸ், நுரையீரலைத் தின்கிறது.

மார்ச் 8. காலை 6.30
காய்ச்சல். என் எச்சிலைச் சோதித்தேன். அதே வைரஸ். ட்ரோனின் விசிறிக் காற்று துளிகளை என் முகத்திலேயே அடித்திருக்கிறது. படித்த முட்டாள் நான்!

தலைமையகத்தின் பதில்: "யாரும் தீவுக்கு வரக் கூடாது. நீங்களும் வெளியேறக் கூடாது." சரிதான். இது கரைக்குப் போனால் ஊர் ஊராகச் சாகும். இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் முகாமுக்குள் கால் வைக்காதீர்கள்.

மார்ச் 9. மாலை 4.15
வயர்லெஸில் சவேரியான். எனக்குத் தண்ணீர் கொண்டுவரும் படகோட்டி.

"டாக்டரம்மா, என்ன இருமலு இது! கூட்டிட்டுப் போவ வாரேன்."

"வராதீங்க அண்ணாச்சி! இது தொத்துற நோய். உங்க ஊரே செத்துரும்."

"பொம்பளப் புள்ளயத் தனியா சாவ உடுத ஆளா நான்? சும்மா கெடங்கம்மா."

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது!

மாலை 5.40
படகு தெரிந்தது. வயர்லெஸில் அவரைப் பெற்றவளையும் இழுத்துத் திட்டினேன். நிற்கவில்லை. ட்ரோனைக் கிளப்பி அவர் முகத்துக்கு நேரே விட்டேன். மோதிப் படகுக்குள்ளேயே விழுந்தது. படகு திரும்பிவிட்டது. ஜெயித்துவிட்டேன். அழுகையாக வருகிறது.

மாலை 6.05
ஐயோ, தட்டுகள். இன்று காலையில்தான் ட்ரோனை, செத்துக்கொண்டிருந்த டால்பின்களின் மேல் பறக்கவிட்டேன். மூச்சுத் திணறலில் கழற்ற மறந்துவிட்டேன். கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன். கோபத்தில் வயர்லெஸை எடுக்க மாட்டேன் என்கிறார்.

மாலை 6.50
"டாக்டரம்மா, கோவம் போயிட்டு. காய்ச்சல்ல பேசுனதுதான. உங்க மெஷினு ஒடையல. அடியில தட்டெல்லாம் ஈரமா இருந்திச்சு, துண்ட வச்சுத் தொடச்சிட்டேன். கர வந்தாச்சு. புள்ளைய பூரா ஓடியாருதுவ. தொட்டுப் பாக்கட்டுமான்னு கேக்குதுவ."

கத்துகிறேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. மைக்கைத் தட்டுகிறேன், தட்டுகிறேன்

"தட்டுறது கேக்கு, சரிம்மா. அம்மா சரின்னுட்டாவ, எல்லாரும் தொடுங்கலே."