உன்னைப் பற்றி நான் எழுதிய ஆறு வரி

கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடித் துழாவினால் முதலில் வருவது ரப்பர் வாடைதான். நீ முழங்காலில் மாட்டிக்கொண்டு ஆடிய உறை. எலாஸ்டிக் எப்போதோ செத்துவிட்டது. நீ போய் நாற்பது நாளாகிறது.

தொண்ணூறுகளில் நம் கோயம்புத்தூர்க் கல்லூரியில் நீ காலையில் ஈட்டி எறிவாய், மதியம் உயரம் தாண்டுவாய், சாயங்காலம் வாலிபால் ஆடுவாய். மூன்றிலும் கோப்பை உனக்கு. நானும் அணியில்தான் இருந்தேன். குளுக்கோஸ் டப்பா என் பொறுப்பு. ஒரே ஒரு தடவை ஆடக் கூப்பிட்டபோது எனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. ஆனால் இன்று முழங்கால் தேய்ந்திருப்பது எனக்கு. "ஸ்போர்ட்ஸ் ஆடுவீங்களா?" என்று டாக்டர் கேட்டார். கூசாமல் ஆமாம் என்றேன்.

உன் வீட்டுக்கு இதெல்லாம் தெரியாது. சனி, ஞாயிறு ஊருக்குப் போகாததற்கு டைப்ரைட்டிங் வகுப்பு என்று சொல்லியிருந்தாய். லீவுக்குப் போனால் உன் அம்மா உன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். "ஏங்கண்ணு, டைப்படிக்கற எடத்துல கூரையே இல்லியா?" நீ அதை நடித்துக் காட்ட, விடுதியே உருண்டு புரண்டு சிரித்தது.

கடைசி வருடம் உயரம் தாண்டுதலில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தாய். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு அழைப்பு வந்தது. அடுத்த வாரம் சென்னையில் தேர்வு. "ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். அதுவரைக்கும் வாயைப் பூட்டிக்க புள்ள," என்றாய்.

வாயைப் பூட்டினேன். கை சும்மா இருக்கவில்லை. ஆறு வரி எழுதி, உன் படத்தோடு நாளிதழுக்கு அனுப்பினேன். அச்சில் வந்த என் முதல் எழுத்து. எந்த ஊர், யாரூட்டுப் பிள்ளை என்று சொல்லாவிட்டால் நம் பக்கத்தில் மரியாதையாகுமா? உன் ஊரைப் போட்டேன். அப்பாவின் பெயரையும் முழுசாகப் போட்டேன். அவர் பேப்பரே படிக்கமாட்டார் என்று நீதான் சொல்லியிருந்தாய். ஊரில் மற்றவர்கள் படிப்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

செய்தி வந்த மறுநாள் விடுதி வாசலில் உன் அப்பா, கக்கத்தில் பேப்பர். பாராட்ட வந்திருக்கிறார் என்று முந்திக்கொண்டு ஓடினேன். "நான்தானுங்க எழுதுனேன்!"

"அப்படீங்களா அம்மணி? நல்லா எழுதியிருக்கறீங்க. டீக்கடையில சத்தமாப் படிச்சாங்க. 'உங்க பொண்ணு டவுசரோட பறக்குதுங்களே'ன்னு கேட்டாங்க." குரல் உயரவே இல்லை. உன் பக்கம் திரும்பினார். "பொட்டிய எடுத்துக்க கண்ணு. போலாம்."

பெட்டி கட்டும்போதுகூட நீ என்னைத் திட்டவில்லை. இந்த உறையை என் கையில் வைத்தாய். "போட்டோல நல்லாத்தான்டி பறக்கறேன்," என்றாய். அழுதது நான். நீ சென்னைக்குப் போகவில்லை. ஆவணியில் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாய். "அந்தப் பேப்பர் வெச்சிருக்கறயா? எம்பொண்ணு நம்பவே மாட்டீங்கறா. நான் கதை உடறேங்கறா."

இருந்தது. உறைக்குள் மடித்து வைத்திருந்தேன். அதை உன் கண்முன் விரிக்க எனக்குத் தைரியம் இல்லை. "தொலைஞ்சு போச்சுடி," என்றேன். நீ ரசத்துக்குக் கையைக் குழித்தாய்.

உன் சாவுக்கு வந்தபோது பேப்பரை உறையோடு எடுத்து வந்தேன். உன் மகள், அதே உயரம், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க பெரீம்மா, அம்மா நெசமாலுமே அத்தனை உசரம் தாண்டுவாங்களா?"

"தாண்டுவா கண்ணு. நான் குள்ளம்தான, என் தலைக்கு மேல போவா."

பையைத் திறந்தேன். எதிர் நாற்காலியில் உன் அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு பையை மூடினேன்.

எத்தனையோ பேரை வைத்துச் சிரிப்புக் கட்டுரை எழுதிவிட்டேன். யாருடைய ஊரையும் அப்பா பெயரையும் போடுவதில்லை. இந்தக் கடிதத்தில்கூட உன் பெயர் இல்லை, பார். அது அந்த ஆறு வரியில் மட்டும்தான் இருக்கிறது, ஊரோடு, அப்பா பெயரோடு. உன் மகள் பார்க்க வேண்டிய ஒரே காகிதம். இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.