பழையது தீரட்டும்

குளுவாங்,
14-9-1932

பெக்கான் நானாஸில் இருக்கும் என் கணவருக்கு அங்கம்மா வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. அன்னாசி ஆலையில் வேலை நிலைத்துவிட்டதென்றும், உடம்பு சற்றுப் பூசியிருக்கிறதென்றும் அறிந்தேன். நம் வீட்டில் இப்போது எதுவுமே வீணாவதில்லை என்று உங்கள் அக்கா எழுதியதைப் படித்துப் பெருமைப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். எப்படி வீணாவதில்லை என்பதை அவர் எழுத மறந்திருப்பார். அதை நான் எழுதுகிறேன்.

அரிசி கழுவிய நீரில் பாத்திரம் ஊறுகிறது. பிறகு அந்த நீர் கத்திரிச் செடிக்குப் போகிறது. தேங்காய் நார் பாத்திரம் துலக்குகிறது. சிரட்டை அடுப்பில் எரிகிறது, அதன் சாம்பலும் பாத்திரத்துக்கே வருகிறது. மாவுச் சாக்கு தலையணை உறையாகிவிட்டது. பூசணித் தோலைக்கூடத் துவையல் அரைக்கிறோம், நன்றாகவே இருக்கிறது. இவற்றில் எனக்குச் சண்டை இல்லை. பாதிக்கு மேல் நான் தொடங்கியவை. பெயர் அவருக்குப் போனதிலும் வருத்தமில்லை.

சண்டை சோற்றில்தான். "மொதல்ல பழையது தீரட்டும், அப்புறம் புதுசு" என்பது அக்காவின் சட்டம். சட்டம் எல்லோருக்கும் பொது. பழையதைத் தீர்க்கும் பொறுப்பு மட்டும் எனக்கு. அக்காவும் அவர் மகன் கனகராஜும் அன்று வடித்ததைச் சூடாகச் சாப்பிடுகிறார்கள். நான் நேற்றையதைத் தீர்த்து நிமிர்வதற்குள் இன்றையது மிஞ்சி, நாளைக்குப் பழையதாகிவிடுகிறது. மூன்று மாதமாக ஊருக்கு ஒரு நாள் பின்னால் சாப்பிட்டு வருகிறேன். காலையில் நீச்சோறு குடிப்பதை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் மீன் குழம்பைச் சொல்கிறேன்.

கொஞ்சம் குறைத்து உலை வைக்கலாமே என்று கேட்டேன். "ஏம்புள்ள, அளந்து ஆக்குறதுக்கு இது என்ன ஆஸ்பத்திரியா? திடீர்னு நாலு பேரு வந்தா என் மானம் போகும்லா" என்றார். மூன்று மாதத்தில் அந்த நால்வரில் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்கான சோற்றையும் நான்தான் சாப்பிட்டேன்.

பன்றிகளுக்குக் கழுநீர் எடுக்க வரும் சீனர் ஆ ஹொக்கை உங்களுக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்து அவர் தகரத்தில் இப்போது ஒன்றும் விழுவதில்லை. போன வாரம் ஏன் என்று கேட்டார். பின்வாசல் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டைக் காட்டினேன். குனிந்து முகர்ந்துவிட்டு, "பாபி புன் தா மாவ்லா" என்றார். பன்றிகூட வேண்டாமென்னுமாம். பன்றிகளைப் பற்றி இந்த ஊரில் அவரைவிட விவரம் தெரிந்தவர் இல்லை. மறுநாள் இரண்டு வாத்து முட்டைகளை எனக்கென்று வைத்துவிட்டுப் போனார். அக்கா அவற்றைக் கனகராஜுக்குப் பொரித்தார். சட்டியை வழித்து என் தட்டில் போட்டார்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். போன சனிக்கிழமை குழாயடியில் மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரி டிரெசர் கண்ணை இழுத்துப் பார்த்து, "அன்னன்னிக்கு ஆக்குனத சாப்பிடும்மா. இல்லாட்டி இதுவும் தங்காது" என்றார். அக்காவிடம் சொன்னேன். "அவன் கெடக்கான். நாங்கல்லாம் பெத்துக்கலயா?" என்றார்.

போன வருஷம் ஆடியில் ஆறாம் மாதத்தில் நாம் இழந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்கென்று தைத்த மூன்று சட்டைகளைப் பெட்டியடியில் வைத்திருந்தேன். அக்கா அவற்றைப் பிரித்துக் கரித்துணி ஆக்கியிருக்கிறார். அவையும் வீணாகவில்லை என்று நீங்கள் பெருமைப்படலாம்.

வீரமுத்து அண்ணனின் லாரி வரும் சனிக்கிழமை ஆயர் ஈத்தாம் வழியாக உங்கள் ஊருக்கு வருகிறது. அவர் மனைவியும் வருகிறார். நானும் ஏறிக்கொள்வேன். ஆண்கள் தங்கும் இடம், வராதே என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அது வரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். அந்தத் தாளை அக்கா அடுப்புப் பற்றவைக்க வைத்துக்கொள்வார்.

என்மேல் கோபம் வந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

மதியத்துக்குள் வந்து சேர்வோம். உலையில் எங்களுக்கும் அரிசி போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
அங்கம்மா