மல்லாந்து விழும் மஞ்சள் தட்டு

என் துணிச்சலாக இருந்த தேவா,

உன் டிஸ்க் கால்ஃப் பை, சங்கிலிக் கூடையில் விழ நீ எறியும் பிளாஸ்டிக் தட்டுகளோடு, என் மடியில் இருக்கிறது. ஞாயிறன்று நம் கூட்டாளிகள் உன் நினைவாக ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். உன் வீட்டெதிர் மைதானத்தில் தகர ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் கூடைக்கு நாங்கள் எல்லோரும் சுற்றிப் போவோம். நீ மட்டும் தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலிருந்து வீசி, ஷெட்டுக்கு மேலாகவே எறிவாய். அந்த எறியை நான் எறிய வேண்டுமாம். "உன்ன உட்டா யாரு கீறாங்க? அவன் கூடவே சுத்தினு இருந்தவன் நீதான?" என்கிறான் பாஸ்கர். சுற்றினேன், சரி. தலைக்கு மேல் கையை எப்போது தூக்கினேன்?

தட்டுகளில் ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள் உன் மேரி. மீதியை உன் மகன் திங்களன்று கனடாவுக்குக் கொண்டுபோகிறான். ஷெட்டைத் தாண்டியது எந்தத் தட்டு? நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் தேடினேன். காக்களூர் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதித்த அதே முறைதான். அதே மைதானத்தில் ஒவ்வொன்றையும் இடுப்புயரத்தில் கிடையாக எறிந்தேன். நேராகப் போனவை பாஸ். இடப்பக்கம் வெட்டிக்கொண்டு ஓடியவை ரிஜெக்ட்.

பாஸானவற்றைச் செங்குத்தாகப் பிடித்துத் தலைக்கு மேலிருந்து வீசினேன். காற்றில் புரண்டு புரண்டு, ஷெட்டைத் தொடாமலே விழுந்தன. நல்ல சரக்கு ஏன் இப்படி?

"இன்னாண்ணா, காலைலேர்ந்து தட்டு பொறுக்கினு கீறீங்க? நாஷ்டா ஆறுது. அவரு பாக்கவே மாட்டாரு, பையில கைய உட்டு எடுத்துனு பூடுவாரு," என்றாள் மேரி. பார்க்காமல் எடுத்தாயா? பார்க்காமலே உனக்குத் தெரியுமா?

என்ன நினைத்தேனோ, ரிஜெக்ட் குவியலிலிருந்து ஒரு மஞ்சள் தட்டை வீசினேன். அது ஷெட்டுக்கு மேல் எழுந்து, மெல்லத் திரும்பி, மறுபுறம் இறங்கியது. போய்ப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தது. உன் தட்டும் அங்கே அப்படித்தான் கிடக்கும்.

கிடையாக எறிந்தால் ஒரு பக்கமாக இழுக்கும் பிடிவாதம்தான், செங்குத்தாக எறிந்தால் தட்டைப் புரளவிடாமல் பிடித்துக்கொள்கிறதா? அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மறுமுறை அதே தட்டு தகரத்தில் மோதியது. குறை தட்டிலா, என் தோளிலா? "ரெண்டும் இல்லப்பா, உன் பயத்துல" என்பாய்.

மேரியிடம் அந்த மஞ்சள் தட்டையே கேட்டேன்.

"நிச்சயமாண்ணா?"

"இல்லம்மா."

நீ போனபின் மேரி சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறன்றும் அது தகரத்தில் மோதலாம், தேவா. மோதினால் எடுத்துவந்து, நின்ற இடத்திலிருந்தே மறுபடி எறிவேன். ஷெட்டைச் சுற்றிப் போகமாட்டேன்.

எந்த வழியிலும் சொந்தமில்லாத உன் தம்பி,
குணசீலன்