வெள்ளை ரிப்பன்

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

பனியன் கம்பெனியில் என் பக்கத்து இருக்கைக்காரி சங்கீதாவுக்கு இன்று மாலை ரிசப்ஷன். பிரான்சில் மணப்பெண் வரும் வழியைக் குழந்தைகள் வெள்ளை ரிப்பன் பிடித்து மறிப்பார்களாம், அவள் அதை வெட்டிவிட்டு நடப்பாளாம். அங்கிருந்து ஆர்டர் கொடுக்க வந்த அம்மாள் என்னிடம் சொன்னது. என் கல்யாணத்தில் செய்ய ஆசைப்பட்டு, சங்கீதாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். எனக்கு இன்னும் வரன் அமையவில்லை. அவள் முந்திக்கொண்டாள். கத்தரி கொண்டுவரும் வேலையையும் என்னிடமே கொடுத்தாள்.

கட்டிங் செக்‌ஷனில் நல்ல கத்தரி எத்தனையோ இருந்தது. தேடிப் பிடித்து மழுங்கிய ஒன்றை எடுத்துப் போனேன்.

மண்டப வாசலில் ரிப்பன் வெட்டுப்படவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் வாடியது. என் மனசு குளிர்ந்தது. உடனே மாப்பிள்ளை அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். மூன்றாம் தடவையில் அறுந்தது. மண்டபமே கைதட்டியது. போட்டோக்காரர் இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

மேடையில் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "ரெண்டு பேருஞ் சேர்ந்து வெட்டோணும்னுதானே மொட்டைக் கத்தரியாக் கொண்டாந்தே? உனக்குத்தான் புள்ள இப்படியெல்லாம் தோணும்."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.