இடப்பக்கச் சிரிப்பு

பிப்ரவரி 3
இன்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. இந்த ஆண்டில் இரண்டாவது முறை. அசாபா சந்தை நடுவே கேமராவுக்கு முன்னால் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, மருமகளுக்கு விஷம் வைத்தது நான்தான் என்று கத்தினேன். குடும்பப் படத்தில் கெட்ட மாமியாரின் முடிவு இதுதான். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. காதல் படமென்றால் பையனின் கார் கடலை விற்கும் பெண்ணின் தட்டைக் கவிழ்த்தாக வேண்டும். அரண்மனைப் படத்தில் ராஜா இருமினாலே விதவைகளை எண்ணிவிடலாம். ஒரு தடவையாவது மாமியார் திருந்தி, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று இயக்குநர் எமெனிக்கேயிடம் கேட்டேன். திருந்தினால் இரண்டாம் பாகம் எப்படி எடுப்பதாம்.

திரும்பும் வழியில் தக்காளிக்காரி எனக்கு விற்க மறுத்துவிட்டாள். போன படத்தில் நான் கொன்ற மருமகள் கர்ப்பிணி.

பிப்ரவரி 9
என் மகன் டொபேச்சி பெண் பார்த்துவிட்டான். பெயர் உஜுன்வா. ஒபோசி ஊர்க்காரி, வேலை தலைநகர் அபுஜாவில். கல்யாணமானால் அவனும் அங்கேதான்.

"பொண்ணு கேட்டுப் போறப்ப மூஞ்சியக் கொஞ்சம் சாதுவா வச்சுக்கம்மா" என்றான்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த மூஞ்சிதானே அவனுக்குச் சோறு போட்டது!

பிப்ரவரி 10
அபுஜா. எவ்வளவு தூரம்.

பிப்ரவரி 24
நாசம்.

பங்காளிகள் நான்கு பேரோடு ஒபோசி போனோம். பெண் வீட்டுப் பெரியவர் சம்பிரதாயப்படி கோலாக்கொட்டை உடைத்து வாழ்த்தினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெண்ணின் அம்மாவுக்கு நானே கள் ஊற்றிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு — பாழாய்ப்போன கழுத்து — தானாக இடப்பக்கம் திரும்பி ஓரக்கண்ணால் சிரித்தேன். விஷக் கோப்பையைக் கொடுத்ததும் எல்லாப் படத்திலும் செய்வது. கேமரா அங்கேதான் இருக்கும். ஒபோசியில் அங்கே பெண்ணின் சித்தப்பா இருந்தார்.

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு ஒருவரும் குடிக்கவில்லை. சம்பந்தம் பேசக் கொண்டுபோன கள் எங்களோடு திரும்பி வந்தது. டொபேச்சி வீடு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சொட்டு நிம்மதி. எழுதிவிட்டேன், இனி அழிக்க மாட்டேன்.

மார்ச் 2
இன்றும் அவன் சாப்பிடவில்லை. என்ன பிறவி நான்?

மார்ச் 11
தனியாக ஒபோசி போனேன். பெண்ணின் அம்மா உள்ளே கூப்பிடவில்லை.

"படத்துல கடைசியா எல்லாத்தையும் ஒத்துக்குறீங்கல்ல? இங்க அதை முதல்லயே செஞ்சிடுங்க. அப்புறம் பொண்ணு தர்றேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சரி, தெரிந்த வேலைதானே. வாசலில் முட்டி போட்டேன், முடியை விரித்தேன். அக்கம்பக்கம் செல்போனோடு கூடிவிட்டது. நான்தான் கெடுத்தேன், நான்தான் என்று இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரி எமெனிக்கே எழுதியதில்லை.

"உங்க பொண்ணு வேணாம்னு நெனச்சேன். அவமேல ஒரு குறையும் இல்ல. என் பையன அபுஜாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, அவன் அப்பாவும் இல்லாத வீட்டுல நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?"

மூக்கு ஒழுகியது. படத்தில் எனக்கு ஒழுகியதே இல்லை. செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த அம்மாள் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கி, உள்ளே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள்.

"ரெண்டாம் பாகம் கிடையாது, சம்பந்தி" என்றாள் கடைசியில்.

சத்தியம் செய்தேன்.

ஜூன் 19
மருமகள் உஜுன்வா அபுஜாவிலிருந்து மூன்று நாள் லீவில் வந்திருக்கிறாள். டொபேச்சிக்கு லீவு கிடைக்கவில்லையாம். இவளாகவே பஸ் ஏறிவிட்டாள். மதியம் எனக்குக் கோப்பையில் மால்ட் பானம் ஊற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இடப்பக்கம் திரும்பி, ஓரக்கண்ணால் சிரித்தாள்.

அவள் கழுத்தைத் திருப்பியதில் கொஞ்சம் அவசரம். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.