அறுபத்தோராவது பந்து

மச்சான்,

இன்று காலை பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அலுமாரியைத் திறந்தேன். நோவுக்கு நீ பூசிவிடும் தைலத்தின் வாசம் முகத்தில் அடித்தது. போத்தல் மூடி கழன்று, கையுறைகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன. நீ போய் ஒரு மாதம். நீ இனி வரமாட்டாய் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் பிசியோதெரபி அறையில் நாள் முழுக்க மற்றவர்களின் மூட்டுகளை மடக்கி நிமிர்த்திவிட்டு, நாலு மணிக்குக் கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதியைக் கடந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் மைதானத்துக்கு வந்துவிடுவாய். பேஸ்போல் உனக்குத் தெரியாது. "விளையாட்டை நீ பார். கைகளை நான் பாக்கிறன்" என்றாய். எறியத் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு எங்கே நோகுது என்று சொல்ல வேண்டும். அதுதான் நீ கொடுத்த முதல் பயிற்சி. "நோவைச் சொல்லுறதுக்கும் பழகவேணும்" என்பாய்.

அந்த மாகாணப் போட்டியை இன்னும் நினைக்கிறேன். எங்களுக்காகப் பந்து எறிந்தவள் ஜெனிற்றா, வங்காலை ஊர்ப் பிள்ளை, பதினைந்து வயது. அறுபது பந்துக்கு மேல் வேண்டாம் என்று நீ முதலே சொல்லியிருந்தாய். அறுபது முடிந்ததும் என் தோளைத் தொட்டாய்.

"காணும். பிள்ளையை வெளியில எடு."

"இன்னும் ஒரு ஆளை அவுட்டாக்கினாச் சரி மச்சான். வெண்டிடுவம்."

"அவளின்ர முழங்கையைப் பார்."

நான் புள்ளிப் பலகையைப் பார்த்தேன். "ஏலுமா?" என்று அவளைக் கேட்டேன். தலையாட்டினாள். பயிற்றுநரிடம் ஏலாது என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அடுத்த பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. முழங்கையைப் பிடித்தபடி குந்திவிட்டாள்.

நீ என்னை ஏசவில்லை. எட்டு மாதம் அவளை எறிய விடவில்லை. ஈரத்துணி பிழிய வைத்தாய், ரப்பர் பட்டி இழுக்க வைத்தாய். கை ஆறிய பிறகும் பந்தைக் கொடுத்தால் எறியாமல் கீழே வைத்துவிடுவாள். ஒருநாள் என்னைக் கூட்டிவந்து அவள் முன்னால் நிறுத்தினாய். "பிழை ஆரின்ர எண்டு சேர் சொல்லுவார்" என்றாய். சொன்னேன். அவள் அழுதாள். அடுத்த கிழமை எறிந்தாள்.

போன பள்ளித் தவணையில், ஆட்டத்தின் நடுவில் அவளே கையை உயர்த்தினாள். "சேர், நோகுது. நான் வெளியில வாறன்." தோற்றோம். நீயோ வென்றவன்போலச் சிரித்தாய்.

பிறகு அந்தத் தொலைபேசி அழைப்பு. நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு என்றார்கள். செத்தவீட்டில் உன் மனைவி என்னிடம் வந்து சொன்னாள்.

"ரெண்டு கிழமையா நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிஞ்சவர், அண்ணா. கேட்டா வாய்வு எண்டார். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னவர்."

நீயா, மச்சான்? தினமும் வைத்தியர்களுக்கு நடுவில் நடந்து திரிந்தவன் நீ. அந்த இரண்டு கிழமையும் மைதானத்தில் என் பக்கத்தில்தான் நின்றாய். பிள்ளைகளைக் கேட்டதை உன்னிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. உன் மேலும் கோபம், என் மேலும் கோபம்; அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை.

எனக்கு மூன்று மாதமாக இடது கை விறைக்கிறது. ஒருவருக்கும் சொல்லாமல்தான் இருந்தேன். இன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போகிறோம். பயமாக இருக்கிறது. அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.