கூரையிலிருந்து இறங்கிய ரேடியல் டயர்

மச்சான்,

உன் வீட்டுக் கூரையிலிருந்து அந்த டயரை இறக்கிவிட்டார்கள். காற்றுக்குத் தகரம் பறந்துவிடக் கூடாது என்று நீ தூக்கிப் போட்டது. உள்ளே தேங்கிய தண்ணீரில் நுளம்புப் புழு நெளிகிறது என்று சுகாதாரம் பார்க்க வந்த பி.எச்.ஐ. ஐயா சத்தம் போட்டாராம். உன் கருமாதிக்கு ஆட்கள் வருகிற நேரமாகப் பார்த்து உன் மருமகன் அதை உருட்டித் தள்ளினான். முற்றத்தில் விழுந்து என் வேட்டி முழுக்க அழுக்குத் தண்ணீரைத் தெளித்தது. அழுகிய இலையும் பழைய இறப்பரும் கலந்த நாற்றம். நீ இருந்தபோதும் எனக்கு ஒரு நல்ல வேட்டியை விட்டுவைத்ததில்லை.

குனிந்து பார்த்தேன். அதேதான். நாம் பந்தயத்துக்குக் கட்டிய காரின் பின்பக்கத்து இடது டயர். வெளிச்சுவரில் இருந்த எழுத்துகள் பாதி உரசி அழிந்திருந்தன. வெயிலும் மழையும் எழுத்தை வெளிற வைக்கும், தேய்க்காது. இத்தனை காலமும் உன் தலைக்கு மேலேயே சாட்சியை வைத்துக்கொண்டு அதன் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறாய்.

கந்தப்பளையில் வண்டி பழுது பார்க்கும் என் கொட்டகைக்குள்தான் அந்தக் காரைக் கட்டினோம். நீ பகலெல்லாம் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிவிட்டு, உடம்பில் பச்சை வாடையோடு வருவாய். டிராக் ரேஸ் என்றால் என்னவென்று யாராவது கேட்டால் உனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "வளைவே இல்லாத ரோடு. ஒரே மிதி. நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு அதுதான்டா சொர்க்கம்" என்பாய். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் உன்னோடு சேர்ந்தேன். மற்றபடி உன் பேச்சில் ஒன்றும் இருந்ததில்லை.

அப்போதெல்லாம் நைலோன் டயர். குறுக்கும் நெடுக்குமாக நூல் போட்டது, சுவர் தடித்தது. காற்றைக் குறைத்தாலும் தாங்கும். மழையா, காற்றை இறக்கு. சேறா, காற்றை இறக்கு. ஏற்றமா, இன்னும் கொஞ்சம் இறக்கு. மலைநாட்டு டிரைவர்களுக்கு அது திருநீறு பூசுவது மாதிரி. ஏன் என்று ஒருவனும் கேட்டதில்லை.

காருக்குச் செலவழித்தவர் ஹட்டன் பஜாரில் கடை வைத்திருந்த முதலாளி. அவர்தான் பின்சக்கரங்களுக்கு ரேடியல் வாங்கி வந்தார். கொழும்பில் எல்லாரும் அதைத்தான் போடுகிறார்களாம். நான் எந்தப் பள்ளியிலும் டயர் படித்ததில்லை. தேய்ந்துபோன ரேடியல் ஒன்றை அறுத்துப் பார்த்துப் படித்தேன். தரையில் படுகிற இடத்தில் கம்பி வலை, சுவரில் ஒரே வாக்கில் ஓடும் மெல்லிய நூல். அதை நிமிர்த்தி வைப்பது காற்றுதான். காற்றைக் குறைத்தால் பாதி நிரம்பிய கொழுந்துச் சாக்கு மாதிரி, அடி ஓரிடத்தில் நிற்கும், மேல்பாகம் வேறுபக்கம் சாயும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகத்தில் உயிரை வாங்கும்.

கீழ்நாட்டில் பந்தயம் நடந்த விமான ஓடுபாதையில் நம் முறைக்குக் காத்து நின்றபோது முதலாளி டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். கட்டைவிரல்! வாழைப்பழம் வாங்க வந்தவர் மாதிரி.

"கல்லு மாதிரி இருக்கு. இன்னும் இறக்குப்பா."

"முதலாளி, இது நைலோன் இல்லீங்க. இதுல காத்துதான் சுவரு. இறக்கினா வேகத்துல பின்பக்கம் ஆடும்" என்றேன்.

"நீ ஸ்பேனர் சாவியப் புடிச்சா போதும். டயர வாங்கினவனுக்குத் தெரியாதா?"

நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வால்வை அமுக்கினாய். அந்தச் சீறல் சத்தத்தோடு உன் மீது நான் வைத்திருந்த மரியாதையும் இறங்கியது. அது இன்னும் முழுசாக ஏறவில்லை.

புறப்பாடு பிரமாதம். சக்கரம் சுழலவில்லை, கார் பாய்ந்தது, முதலாளி கை தட்டினார். பாதி தூரம் தாண்டியதும் பின்பக்கம் இடமும் வலமுமாக வீசத் தொடங்கியது. ரிம் ஒரு பக்கம் போக, டயர் மறுபக்கம் போக, நடுவில் நீ. பிரேக்கை மிதித்திருந்தால் உருண்டிருப்பாய். ஸ்டியரிங்கை வெட்டியிருந்தாலும் உருண்டிருப்பாய். நீ இரண்டையும் செய்யவில்லை. காலை மெல்ல எடுத்து, வண்டியை அதன் போக்கில் அடங்கவிட்டு, புல்லில் கொண்டுபோய் நிறுத்தினாய். அன்று அந்த ஓடுபாதையில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

அதைச் சொல்ல நான் ஓடி வருவதற்குள் முதலாளி ஜீப்பில் முந்திவிட்டார்.

"கை நடுங்கிருச்சு இல்ல? நெஞ்சு பத்தல உனக்கு."

"ஆமாங்க முதலாளி. கைதாங்க."

அதோடு பந்தயம் முடிந்தது. காரை அவர் எடுத்துக்கொண்டார். நீ அந்த டயரைக் கேட்டு வாங்கினாய், கூரைக்கு. எத்தனை முறை சொன்னேன், தப்பு டயரில் இல்லை, கையிலும் இல்லை, காற்றை இறக்கியதில் என்று. "விடு மச்சான், முதலாளி கண்ணால பாத்தாரு" என்பாய். நான் மட்டும் என்ன, கண்ணைக் கொட்டகையில் கழற்றி வைத்துவிட்டா வந்திருந்தேன்?

உன் கருமாதிக்கும் அந்த முதலாளி வந்தார். உன் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்துகொண்டு, சுற்றி நின்றவர்களுக்குக் கதை சொன்னார். "தங்கமான மனுசன். ஆனா வேகத்துக்கு நெஞ்சு பத்தாது. அன்னைக்கு அவன் கை நடுங்கின நடுக்கம் இருக்கே..." சிரித்தார்கள். உன் சோற்றைத் தின்றுவிட்டு, உன் வாசலில் நின்று சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டோடு வந்த உன் மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

டயரை உருட்டிக்கொண்டுபோய் அவர் காலடியில் சாய்த்தேன்.

"தொட்டுப் பாருங்க முதலாளி. டயரு பாதத்துல ஓடணும். இது விலாவுல ஓடியிருக்கு. உங்க கட்டைவிரல் செஞ்ச வேலை."

"செத்த வீட்டுல எதுக்குப்பா பழைய கதை?"

"கதைய ஆரம்பிச்சது யாருங்க?"

வேட்டியில் அழுக்குப் படாமல் காலை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய பதில். தொடவில்லை. கூட்டத்தில் ஒருவன், "அண்ணனுக்கு வயசாயிருச்சு, விடுங்க" என்றான். வயசானால் டயர் தானாகத் தேயுமா, முட்டாளே, என்று கேட்டேன்.

டயர் இப்போது என் கொட்டகை வாசலில் கிடக்கிறது, தண்ணீர் தேங்காதபடி ஓட்டை போட்டு. மழைக்குக் காற்று இறக்கச் சொல்லி வருகிறவர்களை அதைத் தொட வைக்கிறேன். பிறகு விரட்டுகிறேன்.

ஆனால் அன்று கருமாதி முற்றத்தில், முதலாளி தொடாததை உன் மகள் தொட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அழிந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். "மாமா, அப்பா பயப்படலியா?" என்று கேட்டாள். இதை இத்தனை வருசமாக அவளும் நம்பியிருக்கிறாள். அதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

அவளுக்கு நான் பார்த்ததைச் சொன்னேன். பந்தயத்தன்று முதலாளி போனபிறகு நீ புல்லில் நின்ற காருக்குள் கையை விட்டு பிளாஸ்கை எடுத்தாய். மூடியில் பால் விடாத பிளேன்டீயை விளிம்பு தளும்ப ஊற்றினாய். அதை எனக்கு நீட்டிக்கொண்டேதான் சொன்னாய், "கைதான் மச்சான் நடுங்கிருச்சு" என்று.

ஒரு சொட்டுச் சிந்தவில்லை, மடையா.